போர்முனை மருத்துவர்களுக்காக ஒரு கலைநிகழ்ச்சி: டிக்கெட் பணம் எந்த வழியாகப் போகிறது?

உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து ஐரோப்பிய, வட அமெரிக்க நகரங்களில் ஒரு வகைச் சுவரொட்டி அடிக்கடி கண்ணில் படுகிறது. பாலே, சேர்ந்திசை, பந்தூரா வாத்தியம், நாட்டுப்புற நடனம் என்று ஏதாவதொரு நிகழ்ச்சி. கீழே சின்ன எழுத்தில் 'வசூல் முழுவதும் போர்முனைத் தன்னார்வ மருத்துவக் குழுக்களுக்கு' என்று ஒரு வரி.

குழப்பமெல்லாம் அந்த ஒரு வரியில்தான். தன்னார்வ மருத்துவர் என்றால் ராணுவத்தைச் சேர்ந்தவரா, செஞ்சிலுவைச் சங்கத்துக்காரரா? போரை நடத்துகிற அரசிடம் கட்டுத்துணி வாங்கக்கூடவா பணம் இல்லை? இந்த டிக்கெட்டை வாங்குவது தர்மமா, அல்லது போருக்குக் கொடுக்கும் காசா?

இவற்றுக்கான விடையை மேடையில் தேடிப் பயனில்லை. திரை தூக்குவதற்குப் பல வாரங்கள் முன்பே எழுதப்படும் சில காகிதங்களில் அது இருக்கிறது. யார் பெயரில் கணக்கு, என்ன நோக்கம், எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பவை அங்கேதான் முடிவாகின்றன. முதலில் ஆட்களைப் பார்த்துவிட்டு அங்கே போவோம்.

யார் இந்தத் தன்னார்வலர்கள்?

2014-ல் கிழக்கு உக்ரைனின் டோன்பாஸ் பகுதியில் சண்டை மூண்டபோது அந்நாட்டு ராணுவத்தின் மருத்துவப் பிரிவு மெலிந்து கிடந்தது. அடிபட்டவரை முன்வரிசையிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டிகள் போதவில்லை; பயிற்சி பெற்ற ஆட்களும் போதவில்லை. அந்த இடைவெளியில் முளைத்தவைதான் தன்னார்வக் குழுக்கள்.

அவற்றில் பெயர் பெற்றது 'ஹாஸ்பிட்டலர்ஸ்'. தொடங்கியவர் யானா சின்கெவிச். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. 2015 கடைசியில் ஒரு வாகன விபத்தில் சிக்கி, அதன்பின் சக்கர நாற்காலியில் இருந்தபடியே குழுவை நடத்தினார். 2019-ல் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். ஜெருசலேம் யாத்ரீகர்களுக்கு மருத்துவமனை நடத்திய இடைக்காலத் துறவு அமைப்பு ஒன்றின் பெயரைத்தான் குழுவுக்கு வைத்திருக்கிறார்கள். அதே 2014-ல் உருவான இன்னொன்று, பிரோகோவ் பெயரிலான தன்னார்வ நடமாடும் மருத்துவமனை. 19-ஆம் நூற்றாண்டில் கிரீமியப் போரின்போது காயக்காரர்களை அவசரத்துக்கு ஏற்ப வகைபிரித்துச் சிகிச்சை தரும் முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் பிரோகோவ். சாதாரண மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் மருத்துவர்களைச் சுழற்சி முறையில் போர்ப்பகுதிக்கு அழைத்துச் செல்வது இந்த அமைப்பின் வழி.

ஆக, 'போர்முனை மருத்துவர்' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள்:

1. ராணுவ மருத்துவர்கள். சீருடை, சம்பளம், கட்டளை எல்லாம் அரசுடையது.

2. தன்னார்வ அமைப்பின் பாராமெடிக்குகள், அதாவது மருத்துவரல்லாத அவசர சிகிச்சைப் பணியாளர்கள். மாணவர், ஓட்டுநர், அலுவலக ஊழியர் என்று வேறு வாழ்க்கை உள்ளவர்கள். சில வாரப் பணி, பிறகு வீடு, மறுபடி பணி என்று போய்வருகிறார்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. சாப்பாடு, எரிபொருள், உபகரணம் எல்லாம் அமைப்பின் பொறுப்பு.

3. பின்னணியில் நிற்பவர்கள். முதலுதவிப் பயிற்சி தருபவர்கள், ஆம்புலன்ஸை எல்லை தாண்டி ஓட்டி வருபவர்கள், மருந்துக் கிடங்கு பார்ப்பவர்கள்.

நிகழ்ச்சிகளின் பணம் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வகைக்குப் போகிறது. ஆனால் இந்தக் கோடுகள் அழியாதவை அல்ல. 2022-ல் ரஷ்யா முழு அளவில் படையெடுத்த பிறகு தன்னார்வலர்கள் பலர் ராணுவத்தில் முறைப்படி சேர்ந்துவிட்டார்கள். நேற்றுவரை தன்னார்வலராக இருந்தவர் இன்று சிப்பாய். அவர் கையில் உள்ள மருத்துவப் பை மட்டும் அதேதான். சட்டச் சிக்கல் தொடங்குவதும் இங்கிருந்துதான்.

அரசு இருக்கும்போது கச்சேரிப் பணம் எதற்கு?

இதைப் புரிந்துகொள்ள, போரில் அடிபட்டவர் எப்படி இறக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் 2001-க்கும் 2011-க்கும் இடையே இறந்த 4,596 அமெரிக்க வீரர்களின் மரணங்களை அந்நாட்டு ராணுவ மருத்துவர்கள் ஆராய்ந்து 2012-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 87 சதவீதம் பேர் மருத்துவமனை வாசலை எட்டுவதற்கு முன்பே இறந்திருந்தார்கள். அப்படி வழியில் இறந்தவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. பிழைத்திருக்கக்கூடியவர்களில் பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது ரத்தப்போக்கு.

இதன் பொருள் எளியது. நல்ல அறுவைச் சிகிச்சை நிபுணர் பின்னால் எங்கோ இருக்கிறார். ஆனால் உயிர் போவது அவருக்கு முந்தைய சில நிமிடங்களில். பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களிலேயே ஆள் முடிந்துவிடலாம். அந்த நிமிடங்களில் கையில் இருக்க வேண்டிய பொருள்கள் விலை அதிகம் இல்லாதவை. ஆனால் ஏராளமாக வேண்டும்.

டூர்னிக்கெட் என்பது அவற்றில் முதலாவது. கையையோ காலையோ சுற்றிக் கட்டி, ஒரு சிறு கம்பைத் திருகி இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும் பட்டை இது. நல்ல தரமானது ஒன்றின் விலை 30 டாலர் அளவில் இருக்கும். போலிகள் அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே கிடைக்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முழு வேகத்தில் திருகும்போது போலியின் கம்பு ஒடிந்துவிடும். உக்ரைனில் இந்தப் போலிகள் பெரிய தலைவலியாகின. நல்ல மனதோடு, மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆயிரக்கணக்கில் வாங்கி அனுப்பியவர்களும் அதற்கு ஒரு காரணம். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பொருளாகக் கொடுப்பதைவிட, விவரம் தெரிந்த அமைப்புக்குப் பணமாகக் கொடுப்பது மேல்.

ஒரு பட்டையை ஒருமுறைதான் நம்பிப் பயன்படுத்தலாம். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று தேவைப்படுவதும் உண்டு. அப்புறம் ரத்தத்தை உறைய வைக்கும் பொருள் தோய்ந்த காஸ் துணி. தொடை இடுக்கு, அக்குள் போன்ற, பட்டை கட்ட முடியாத இடங்களில் இதைக் காயத்துக்குள் திணித்து அழுத்துகிறார்கள். நெஞ்சில் துளை விழுந்தால் காற்று உள்ளே புகாமல் ஒட்டும் அடைப்பு. உடல் குளிர்ந்துவிடாமல் போர்த்தும் படலம். ரத்தம் இழந்தவரின் உடல் குளிர்ந்தால் மிச்ச ரத்தமும் சரியாக உறையாது, அதனால் கோடையிலும் போர்த்துகிறார்கள். டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தும் பட்டியலில் உண்டு. 2010-ல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டுச் சோதனை, காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் இதைக் கொடுத்தால் ரத்தப்போக்கால் ஏற்படும் இறப்பு குறைகிறது என்று காட்டியது. மூன்று மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை, கெடுதல்கூட உண்டாகலாம்.

அமெரிக்கப் படைகள் ஆப்கானிஸ்தானில் ஒரு மணி நேரத்துக்குள் ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போவதை விதியாகவே வைத்திருந்தன. வானம் அவர்கள் கையில் இருந்ததால் அது முடிந்தது. உக்ரைனில் முன்வரிசைக்கு மேல் ஹெலிகாப்டர் பறக்க முடியாது. சாலையில் வண்டி போனால் ட்ரோன் துரத்துகிறது. எனவே இருட்டும்வரை, பனிமூட்டம் வரும்வரை காத்திருக்கிறார்கள். சில மணி நேரம் ஆகலாம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். இரண்டு மணி நேரத்துக்குள் தளர்த்திப் பார்க்க வேண்டிய பட்டை அதற்கு மேலும் கட்டியபடியே கிடந்தால் கால் போய்விடும் ஆபத்து. உயிரைக் காப்பாற்றிய அதே பட்டையால் அப்படிக் காலை இழந்தவர்கள் உண்டு.

எனவே மருந்துப் பையோடு கதை முடிவதில்லை. வண்டி வேண்டும், உதிரிப் பாகம் வேண்டும், டயர் வேண்டும், எரிபொருள் வேண்டும். முன்வரிசையிலிருந்து ஆளை எடுத்துவருவது பெரும்பாலும் ஆம்புலன்ஸ் அல்ல. சேற்றில் ஓடக்கூடிய பழைய பிக்கப் வண்டி. அது 'நிலைப்படுத்தும் இடம்' எனப்படும் தற்காலிகச் சிகிச்சைக் கூடம் வரை கொண்டுவரும். பல சமயம் அது ஒரு நிலவறையாகவே இருக்கும். அங்கிருந்து ஆம்புலன்ஸ். அதன்பின் படுக்கைகள் பொருத்திய பேருந்து ஒரே பயணத்தில் பலரைப் பெரிய நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்.

சரி, இதையெல்லாம் அரசு வாங்கித் தராதா? வாங்கித் தருகிறது. ஆனால் அரசு வாங்குவதற்கு ஒப்பந்தப்புள்ளி, தர ஒப்புதல், கிடங்கு, பட்டியல் என்று ஒரு நடை இருக்கிறது. ஒரு குழுவின் வண்டி இன்று இரவு எரிந்துபோனால் அடுத்த வாரத்துக்குள் இன்னொன்று வந்து நிற்க வேண்டும் என்பதற்கு அந்த நடை ஒத்துவராது. தன்னார்வப் பணத்தின் உண்மையான பலம் அளவில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. ராணுவத்தின் மருத்துவச் செலவோடு ஒப்பிட்டால் ஒரு மாலைக் கச்சேரியின் வசூல் தூசு. சரியான வாரத்தில் போய்ச் சேர்ந்தால் அதே தூசு ஒரு வண்டியாகும்.

ஜெனீவா ஒப்பந்தங்கள் இவர்களை எப்படிப் பார்க்கின்றன?

1859 ஜூன் 24 அன்று இத்தாலியின் சோல்ஃபெரினோவில் நடந்த போருக்குப் பின், கவனிப்பாரின்றிக் கிடந்த காயக்காரர்களைப் பார்த்தவர் ஹென்றி துனான்ட் என்ற சுவிஸ் வணிகர். பக்கத்து ஊர்ப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, எந்த நாட்டுச் சிப்பாய் என்று பாராமல் தண்ணீரும் கட்டும் கொடுத்தார். அவர் தூண்டுதலில் 1863-ல் செஞ்சிலுவை அமைப்பு பிறந்தது. 1864-ல் முதல் ஜெனீவா ஒப்பந்தம். அந்த வேலை தொடங்கியதே தன்னார்வலர்களால்தான்.

இன்று நடைமுறையில் இருப்பவை 1949-ஆம் ஆண்டின் ஒப்பந்தங்கள். அவற்றில் முதலாவதிலிருந்து இங்கே தேவைப்படும் செய்திகள் இவை:

1. காயக்காரர்களைத் தேடுவது, தூக்கிச் செல்வது, சிகிச்சை தருவது ஆகிய வேலைகளை மட்டுமே செய்யும் ராணுவ மருத்துவ ஊழியர்களைத் தாக்கக் கூடாது. (24-ஆம் பிரிவு)

2. தன்னார்வ உதவிச் சங்கங்களின் ஊழியர்களுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்தச் சங்கத்தை அதன் அரசு அங்கீகரித்திருக்க வேண்டும். ஊழியர்கள் ராணுவச் சட்டதிட்டங்களுக்குக் கட்டுப்பட வேண்டும். (26-ஆம் பிரிவு)

3. காயம்பட்டவருக்குச் சிகிச்சை தந்ததற்காக யாரையும், எப்போதும் துன்புறுத்தவோ தண்டிக்கவோ கூடாது. (18-ஆம் பிரிவு)

4. தன்னையும் தன் நோயாளியையும் காப்பாற்றிக்கொள்ள மருத்துவ ஊழியர் ஆயுதம் வைத்திருந்தால், அதனாலேயே பாதுகாப்பு போய்விடாது. (22-ஆம் பிரிவு)

நான்காவது பலருக்கு வியப்பாக இருக்கும். இடுப்பில் துப்பாக்கியோடு நிற்கும் பாராமெடிக்கின் படத்தைப் பார்த்ததும் 'இவர் மருத்துவரே அல்ல' என்று முடிவு கட்டுவது தவறு. அவர் அதைத் தாக்குதலுக்குப் பயன்படுத்துகிறாரா என்பதே கேள்வி.

இரண்டாவதில் ஒரு பொறி இருக்கிறது. அரசின் அங்கீகாரம் தன்னார்வக் குழுவுக்குப் பாதுகாப்பு தருகிறது. அதே அங்கீகாரம் அந்தக் குழுவை ராணுவக் கட்டமைப்போடு பிணைக்கிறது. போர்ச் சட்டத்தின்படி இது நல்லது. அறக்கட்டளைச் சட்டத்தின்படி இது தொல்லை. ஒரு நாட்டில் 'மருத்துவ உதவி' என்று எழுதிய பெட்டி, இன்னொரு நாட்டின் வரி அதிகாரிக்கு 'வெளிநாட்டுப் படைக்கு உதவி' என்று தெரியலாம்.

காகிதத்துக்கும் களத்துக்கும் உள்ள தூரத்தையும் சொல்லிவிட வேண்டும். 'தாய்ரா' என்ற புனைபெயரால் அறியப்பட்ட தன்னார்வ மருத்துவர் யூலியா பாயேவ்ஸ்கா, 2022 மார்ச் 16 அன்று மரியுபோலில் ரஷ்யப் படையிடம் பிடிபட்டார்; மூன்று மாதம் கழித்து ஜூன் 17-ல்தான் விடுதலையானார். உக்ரைனில் 2022 முதல் மருத்துவமனைகள், ஆம்புலன்ஸ்கள், ஊழியர்கள் மீது நடந்த தாக்குதல்களாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தவை 2,000-க்கும் மேல். செஞ்சிலுவைச் சின்னம் குறிவைக்க உதவுகிறது என்று சொல்லி வண்டியில் அதைப் போடாமலே ஓட்டும் குழுக்களும் இருக்கின்றன.

மருத்துவமா, ராணுவமா: பணம் சிக்கும் இடம்

இணையம் வழியாக நன்கொடை திரட்ட உதவும் பேட்ரியான் நிறுவனம், முழுப் போர் தொடங்கிய அதே 2022 பிப்ரவரி 24 அன்று, 'உயிரோடு திரும்பி வா' என்ற பெயருடைய உக்ரைன் அமைப்பின் பக்கத்தை முடக்கியது. அந்த அமைப்பு 2014 முதல் படையினருக்கு உபகரணமும் பயிற்சியும் தருவது. ராணுவச் சாதனம் வாங்கும் நிதி திரட்டலுக்கு இடமில்லை என்பது நிறுவனத்தின் விதி. அது நியாயமா இல்லையா என்பது வேறு விவாதம். ஏற்பாட்டாளர் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தக் கோடு வங்கியிலும் இருக்கிறது, டிக்கெட் தளத்திலும் இருக்கிறது, வரி அலுவலகத்திலும் இருக்கிறது என்பதைத்தான்.

இரண்டு ஏலங்களை அருகருகே வைத்தால் கோடு தெளிவாகத் தெரியும். 2022 மே மாதம் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் வென்ற கலுஷ் ஆர்கெஸ்ட்ரா குழு தன் கோப்பையை ஏலம் விட்டது. கிடைத்த 9 லட்சம் டாலர் ட்ரோன்கள் வாங்கப் போனது. அடுத்த மாதம் ரஷ்யப் பத்திரிகையாளர் திமித்ரி முராத்தவ் தன் நோபல் அமைதிப் பரிசுப் பதக்கத்தை ஏலம் விட்டார், 10.35 கோடி டாலர் வந்தது, இடம்பெயர்ந்த குழந்தைகளுக்காக யூனிசெஃபுக்குப் போனது. இரண்டுமே 'உக்ரைனுக்காக'த்தான். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல.

போர்முனை மருத்துவம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் 2011-ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். தங்கள் சொந்த நாட்டுப் படைகளின் திறனை வளர்ப்பது அதன் அறப்பணிப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டுப் படையின் திறனை வளர்ப்பது இல்லை. நோயாளிக்கும் காயம்பட்டவருக்கும் உதவுவது இருக்கிறது. எனவே லண்டனில் நிகழ்ச்சி நடத்தும் ஓர் அறக்கட்டளை 'காயம்பட்டவருக்குச் சிகிச்சை' என்று நோக்கத்தை எழுதினால் வழி திறக்கும். 'படைப்பிரிவுக்கு ஆதரவு' என்று எழுதினால் அடைபடும். போய்ச் சேரும் பை ஒன்றாகவே இருந்தாலும் இதுதான் நிலை.

பொருள்களைக் கொண்டு பார்த்தால் இன்னும் விளங்கும்:

1. டூர்னிக்கெட், காஸ் துணி, மருந்து, ஸ்ட்ரெச்சர்: மருத்துவம். பொதுவாகச் சிக்கல் இல்லை. மருந்துகளுக்கு மட்டும் இறக்குமதி விதிகள் தனி. வலிநிவாரண மருந்துகளில் போதைப்பொருள் வகையைச் சேர்ந்தவற்றுக்கு இன்னும் கடுமை.

2. ஆம்புலன்ஸ், பிக்கப்: பெரும்பாலும் சரி. ஆனால் யார் பெயரில் பதிவு, பிறகு யார் கைக்குப் போகிறது என்பதற்குக் காகிதம் வேண்டும்.

3. தலைக்கவசம், குண்டு துளைக்காத உடுப்பு: உயிர் காப்பதுதான். ஆனாலும் பல நாடுகளில் ஏற்றுமதி உரிமம் இல்லாமல் எல்லை தாண்டாது.

4. இரவில் பார்க்கும் கருவி, ட்ரோன் சிக்னலைக் கெடுக்கும் ஜாமர்: இங்கேதான் மல்லுக்கட்டு. விளக்கை அணைத்துவிட்டு ஓட்டும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு இரவுக் கருவி கண்ணாடி மாதிரி. ட்ரோன் துரத்தும் சாலையில் ஜாமர் இல்லாத வண்டியை எடுக்கவே பயப்படுகிறார்கள். மருத்துவக் குழு கேட்கும் பட்டியலில் இவை மேலே இருக்கும்; அறக்கட்டளை வாங்கித் தர முடியாதவற்றின் பட்டியலிலும் மேலே இருக்கும்.

அனுபவமுள்ள ஏற்பாட்டாளர்கள் இதை மறைப்பதில்லை. 'இந்த நிகழ்ச்சியின் பணம் முதல் இரண்டு வகைக்கு மட்டும்' என்று முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். உக்ரைன் அரசு 2022 மே மாதம் தொடங்கிய 'யுனைடெட் 24' நிதித் தளமும் பாதுகாப்பு, மருத்துவம், மறுகட்டுமானம் என்று தனித்தனி வழி வைத்து, கொடுப்பவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டது. நாகரிகமான ஏற்பாடு அது. மருத்துவத்துக்குக் கொடுக்க விரும்புபவரிடம் மருத்துவம் என்று சொல்லி வேறெதையோ வாங்குவது, நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஏமாற்றுதான்.

பீத்தோவன் முதல் பங்களாதேஷ் வரை

கலைநிகழ்ச்சி நடத்திக் காயக்காரர்களுக்குப் பணம் திரட்டுவது புதிதல்ல. பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி முதன்முதலாக 1813 டிசம்பர் 8 அன்று வியன்னாப் பல்கலைக்கழக மண்டபத்தில் வாசிக்கப்பட்டதே அப்படியொரு நிகழ்ச்சியில்தான். அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் ஹானாவ் என்ற இடத்தில் நெப்போலியன் படையோடு மோதி அடிபட்ட ஆஸ்திரிய, பவேரியச் சிப்பாய்களுக்கான நிதி அது. காது மந்தமாகிவிட்ட பீத்தோவனே நடத்தினார். சாலியேரி, ஹம்மெல் போன்ற இசையுலகப் பெரும்புள்ளிகள் குழுவில் ஆளுக்கொரு வேலையை ஏற்றார்கள். கூட்டம் தாங்காமல் நான்கு நாள் கழித்து மறுபடி நடத்தினார்கள்.

நம் பக்கத்தில், ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு 1938-ல் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அதற்கும் பொதுமக்களிடம்தான் நிதி திரட்டினார்கள். அவர்களில் ஒருவரான துவாரகநாத் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே இறந்தார்.

ஆனால் ஏற்பாட்டாளர்கள் பாடமாகப் படிக்க வேண்டியது 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் சிதார் கலைஞர் ரவிசங்கரும் பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய பங்களாதேஷ் கச்சேரி. அது மருத்துவர்களுக்காக அல்ல, போராலும் புயலாலும் அகதிகளானவர்களுக்காக நடந்தது. ஒரே நாளில் இரண்டு காட்சிகள், ஏறத்தாழ 40,000 பேர். டிக்கெட் வசூல் 2,43,418 டாலர் 50 சென்ட் யூனிசெஃபுக்கு அந்த மாதமே போய்விட்டது. அதைவிடப் பல மடங்கு பெரிய தொகை இசைத்தட்டு, திரைப்படம் மூலம் வந்தது. அது மட்டும் நகரவில்லை. நிகழ்ச்சிக்கு முன்பே வரிவிலக்குக்கு விண்ணப்பிக்கவில்லை என்பதால் அமெரிக்க வருமான வரித்துறை அதை வருமானமாகப் பார்த்தது. பணத்தின் பெரும்பகுதி பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. பாடியவர்கள் காசு வாங்கவில்லை, கேட்டவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள். தடுத்தது முன்கூட்டி நிரப்பாத ஒரு விண்ணப்பம். மாதக்கணக்கில் காத்திருக்க முடியாத போர்முனை மருத்துவத்தில் இந்தத் தவறு இன்னும் விலை கூடியது.

சுவரொட்டி வரியை எப்படிப் படிப்பது?

ஒரே மாதிரி ஒலிக்கும் மூன்று சொற்றொடர்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

1. 'வசூல் முழுவதும்': 100 பங்கு டிக்கெட் விற்றால் 100 பங்கும் போக வேண்டும். அரங்க வாடகை, விளக்கு, ஒலி, காப்பீடு, கலைஞர்களின் பயணம், இசை ராயல்டி, டிக்கெட் தளத்தின் கழிவு ஆகியவற்றை வேறு யாரோ தங்கள் பையிலிருந்து கொடுத்திருக்க வேண்டும். அந்த 'வேறு யாரோ' யார் என்பதும் அதே சுவரொட்டியில் இருந்தால் நம்பலாம்.

2. 'நிகர வசூல் முழுவதும்' அல்லது 'லாபம் முழுவதும்': செலவு போக மிச்சம். கலைஞர்கள் இலவசமாக ஆடினாலும் அரங்கம் இலவசமாகக் கிடைப்பது அரிது. 100-ல் 70 செலவாகி 30 போவதும் இந்த வாக்கியத்துக்குப் பொருந்தும். ஏமாற்று என்று சொல்ல முடியாது. முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

3. 'வசூலில் ஒரு பகுதி': எண் எழுதியிருந்தாலொழிய இதற்குப் பொருள் ஏதும் இல்லை.

டிக்கெட்டும் நன்கொடையும் வேறு வேறு என்பதையும் பலர் கவனிப்பதில்லை. டிக்கெட் வாங்குபவருக்குப் பதிலாக ஒன்று கிடைக்கிறது: இருக்கை, நிகழ்ச்சி. அமெரிக்காவில் டிக்கெட்டின் நியாயமான மதிப்பைக் கழித்துவிட்டு, மேலே கொடுத்ததற்கு மட்டுமே வரிச் சலுகை கேட்கலாம். செலுத்திய தொகை 75 டாலரைத் தாண்டினால் அந்த மதிப்பு எவ்வளவு என்று அறக்கட்டளை எழுதித் தர வேண்டும். பிரிட்டனில் நன்கொடையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும் ஏற்பாடு உண்டு. சாதாரண டிக்கெட் விலைக்கு அது பொதுவாகக் கிடைக்காது. டிக்கெட்டைக் குறைந்த விலைக்கு விற்று, நன்கொடையைத் தனி ரசீதில் வாங்கும் ஏற்பாட்டாளர்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். இடைவேளையில் ஏலம் விடுவதும் இதனால்தான். பல நிகழ்ச்சிகளில் நல்ல தொகை அங்கேதான் சேர்கிறது.

போய்ச் சேரும் பக்கத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. உக்ரைனில் 'பாங்கா' என்பார்கள். ஊறுகாய் ஜாடி என்று பொருள். மோனோபேங்க் என்ற இணைய வங்கியில் யார் வேண்டுமானாலும் ஒரு நிதி ஜாடி திறந்து இணைப்பைப் பகிரலாம். வேகத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது தனியாள் கணக்கு. பதிவு பெற்ற அறக்கட்டளைக்கோ உக்ரைனின் 2012-ஆம் ஆண்டு சட்டப்படி நிர்வாகச் செலவு வருமானத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருக்கிறது. அறிக்கை தர வேண்டிய கடமையும் இருக்கிறது. வெளிநாட்டு வங்கி பெரிய தொகையை ஜாடிக்கு அனுப்பத் தயங்குவது இயல்பு. தெரிந்த நண்பருக்கு ஜாடி, அரங்கம் நிறைந்த அந்நியர்களின் பணத்துக்கு அறக்கட்டளை என்று வைத்துக்கொள்ளலாம்.

போர் நடக்கும் நாட்டிலேயே நடக்கும் நிகழ்ச்சிகள்

இதுவரை பார்த்ததெல்லாம் வெளிநாட்டு மேடைகள். உக்ரைனுக்குள்ளும் மேடைகள் மூடிக்கிடக்கவில்லை. கீவ் நகரின் தேசிய ஓப்பரா அரங்கம் 2022 மே மாதம் மறுபடி திறந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தும், பதுங்கிடத்தில் எத்தனை பேர் அடங்குவார்களோ அத்தனை டிக்கெட்தான் விற்றார்கள். சைரன் ஒலித்தால் ஆட்டம் நிற்கும். எல்லாரும் கீழே இறங்குவார்கள். அங்கே வசூலின் உச்சவரம்பைத் தீர்மானிப்பது நிலவறையின் பரப்பளவு.

வெளிநாட்டுப் பயணத்துக்கோ வேறு தடை. ராணுவச் சட்டத்தின் கீழ், படைக்கு எடுக்கத்தக்க வயதிலுள்ள ஆண் கலைஞர்கள் அரசின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேற முடியாது. வெளிநாட்டு மேடைகளில் பெண் கலைஞர்களும் ஏற்கெனவே வெளியே வாழும் கலைஞர்களும் அதிகம் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு வரும் அறிக்கை

நல்ல அறிக்கையில் மொத்த வசூல், செலவு, அனுப்பிய தொகை, அனுப்பிய நாள், வாங்கிய பொருள், பெற்றுக்கொண்ட குழு எல்லாம் இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் எதிர்பார்க்கவும் கூடாது. குழு எந்த ஊரில் நிற்கிறது, வண்டி எந்தச் சாலையில் ஓடுகிறது என்பவை வெளியே வந்தால் ஆள் சாவார்கள். படத்தில் பின்னணி மங்கலாக்கப்பட்டிருக்கும், எண் பலகை மறைக்கப்பட்டிருக்கும், முகம் தெரியாது. பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயம். இடத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயமல்ல.

இன்னொன்றுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். ஒரு மாலை நிகழ்ச்சியின் பணத்தில் வாங்கிய பிக்கப், போய்ச் சேர்ந்த சில வாரங்களில் ட்ரோன் அடித்து எரிந்துபோகலாம். நன்கொடை கொடுத்தவர்களில் யாராவது ஒருவர் 'அப்போ எங்கள் பணம் வீணா?' என்று கேட்பார். போர்முனையில் ஆம்புலன்ஸ் நிலையான சொத்து அல்ல, கட்டுத்துணி மாதிரி தீர்ந்துபோகும் பொருள். எரிவதற்கு முன் அது எத்தனை நடை போனது, எத்தனை பேரை ஏற்றிவந்தது என்பதைக் குழுக்கள் பயணப் பதிவேட்டில் எழுதிவைக்கின்றன. கேட்க வேண்டியது அந்த எண்ணை.